286 பிளாஸ்டிக் வீரர்கள், இரண்டு குழந்தைப் பருவங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 அக்டோபரில், இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள ஒரு சிறு நகரத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். வயது 69. அவருடைய அண்ணன் அந்தக் கோடையில் காலமாகியிருந்தார். அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு செருப்புப் பெட்டிகளும் ஒரு பிஸ்கட் டின்னும் இறங்கின. மூன்றிலும் பொம்மைப் போர்வீரர்கள். பின்னால் எண்ணியபோது 286 இருந்தன.

நான் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில், அச்சு செய்யும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். பழைய பிளாஸ்டிக் வீரர்களை அடையாளம் காண்பதில் ஈடுபாடு உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்ன விலை போகும் என்று அவர் கேட்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் மகன், “அவை என் பொம்மைகள், நான் விளையாடியவை” என்று சொல்லியிருந்தார். அம்மையாரோ, “அண்ணனும் நானும் தரையில் படுத்துக்கொண்டு விளையாடியவை” என்றார். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. ஆனால் தன் நினைவை மற்றவர் மறுப்பதாக இருவர் மனத்திலும் ஒரு சிறு வருத்தம் இருந்தது.

அண்ணன் பிறந்தது 1949, அம்மையார் 1953, அண்ணன் மகன் 1969. அண்ணனும் தங்கையும் பொம்மை வைத்து விளையாடியது ஏறக்குறைய 1955 முதல் 1965 வரை. மகன் விளையாடியது 1973 முதல் 1980 வரை. ஒரு பொம்மையைச் செய்தவர் யார் என்று தெரிந்தால், அது எந்த ஆண்டுக்கு முன்பு கடைக்கு வந்திருக்க முடியாது என்றும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பிரிக்கலாம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

தொலைபேசியை வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன்: நான் வரும்வரை எதையும் கழுவ வேண்டாம். அவர் அன்று மாலையே பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் வெந்நீர் விட்டு எல்லாவற்றையும் ஊறப்போட நினைத்திருந்தார். இந்த ஆய்வில் நான் சரியாக எடுத்த முடிவுகளில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். காரணம் கீழே வருகிறது.

களம்: யார் யார் செய்தார்கள்

பிரிட்டனில் பொம்மை வீரன் என்றால் நெடுங்காலம் ஈயம்தான். வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-ல் உள்ளே குடைவாக வார்த்த ஈய வீரர்களைக் கொண்டுவந்தது. 54 மி.மீ. என்ற உயரம் வழக்கமானதும் அந்த வீரர்களால்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. ஜாங் என்ற நிறுவனம், ராய் செல்வின்-ஸ்மித் என்ற சிற்பியின் உருவங்களை ‘ஹெரால்டு’ என்ற பெயரில் வெளியிட்டது. 1950-களின் நடுவிலிருந்து அது ‘பிரிட்டன்ஸ்’ என்று அழைக்கப்பட்ட அதே வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தின் கைக்குள் வந்தது. ஈய வீரர்களை பிரிட்டன்ஸ் 1966-ல் நிறுத்தியது. ஹெரால்டு உருவங்களின் உற்பத்தி ஹாங்காங்குக்கு நகர்ந்ததும் அந்த ஆண்டையொட்டித்தான். இந்தக் கடைசி வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் அதை அறிந்திருந்தும் அன்று மறந்தேன்.

டிம்போ, கிரெசன்ட், லோன் ஸ்டார், செரிலியா, சார்பென்ஸ் என்று வேறு பல பிரிட்டிஷ் நிறுவனங்களும் 54 முதல் 60 மி.மீ. வரையிலான வீரர்களைச் செய்தன. 1939-ல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1959-ல் ஓர் அங்குலத்துக்கும் குறைவான சிறு வீரர்களையும், 1960-களின் இறுதிக்குப் பிறகு 54 மி.மீ. வீரர்களையும் விற்றது. ஜெர்மனியில் ஹவுசர் நிறுவனம் ‘எலாஸ்டோலின்’ என்ற பெயரில் 7 செ.மீ. உருவங்களைச் செய்தது. இவர்கள் எல்லோருடைய உருவங்களையும் அனுமதியில்லாமல் நகலெடுத்துப் பைகளில் போட்டு விற்ற ஹாங்காங் பட்டறைகளும் இருந்தன. 1960-களிலும் 70-களிலும் ஒரு பிரிட்டிஷ் சிறுவனின் பெட்டியில் இவை அத்தனையும் கலந்தே கிடக்கும்.

முதல் நாள்: மேசையில் கண்டது

மேசை மேல் வெள்ளை விரிப்புப் போட்டு, பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தோம். எந்த உருவம் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு படமும் எடுத்தேன். முதலில் உயரத்தை வைத்துப் பிரித்தேன். பெயர், நாடு, நிறம் எல்லாம் ஏமாற்றக்கூடும். உயரம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

சிறு வீரர்கள் 71. மென்மையான பாலித்தீன், வண்ணம் பூசாதவர்கள். எல்லாம் ஏர்ஃபிக்ஸ் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர்களோடு நசுங்கிய ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் ‘2/-’ என்று எழுதியிருந்தது. இரண்டு ஷில்லிங். பிரிட்டன் பழைய ஷில்லிங் கணக்கை விட்டு நூறு பென்ஸ் கொண்ட பவுண்டுக்கு மாறியது 1971 பிப்ரவரி 15-ல். பொம்மையைவிட விலைக்குறி அதிகம் பேசும் நேரங்கள் உண்டு.

அடுத்து 7 செ.மீ. உயரமுள்ள 11 உருவங்கள்: ரோமானியர்கள், ஈட்டி ஏந்தியவர்கள். கையால் நேர்த்தியாக வண்ணம் பூசியவை. அடியில் எலாஸ்டோலின் என்ற பெயரும் ஜெர்மனி என்ற சொல்லும் இருந்தன. ஜெர்மன் பொம்மை இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பா பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தவர், 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் பணியாற்றினார், விடுமுறைக்கு வரும்போது வாங்கி வருவார் என்றார் அம்மையார்.

அந்த 11-ஐயும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தபோது நான்கு மட்டும் சற்றுக் கனத்தன. ஒன்றின் முழங்காலில் மயிரிழை போன்ற விரிசல். விரிசலின் ஓரத்தில் துருவின் பழுப்பு. சிறு காந்தத்தை அருகே கொண்டுபோனேன். கால் மெல்ல அசைந்தது. அவை பிளாஸ்டிக் அல்ல. மரத்தூளும் பசையும் கலந்த பிசைவை இரும்புக் கம்பியின் மேல் அச்சில் அழுத்திச் செய்யும் பழைய முறை அது. போருக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஹவுசர் அந்த முறையைத் தொடர்ந்தது. 1950-களின் நடுவில் கடின பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கியது. மேலே உள்ள பூச்சு ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இந்த நான்கும் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பசை இளகி, உப்பி, உதிர்ந்திருக்கும். கழுவ வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

வண்ணம் பூசிய 54 மி.மீ. வீரர்கள் 84. டார்ச்சைக் கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் அடித்தட்டையும் படித்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். 41 உருவங்களில் ஹெரால்டு என்ற பெயரும் இங்கிலாந்து என்ற சொல்லும் தெளிவாக இருந்தன. 20 உருவங்கள் கிரெசன்ட், லோன் ஸ்டார், செரிலியா, சார்பென்ஸ் என்று கலந்து வந்தன. மீதி 23-ல் ஹாங்காங் என்று இருந்தது.

டிம்போ 38. இவற்றைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். 1960-களில் டிம்போ ஒரு முறையைக் கையாண்டது: அச்சுக்குள் ஒரு நிறப் பிளாஸ்டிக் இறுகியதும், அதன் மேலேயே இன்னொரு நிறத்தை உருக்கிச் செலுத்துவது. சட்டை ஒரு நிறம், இடைவார் ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஆனால் வண்ணப்பூச்சு ஏறக்குறைய இல்லை. கூலி அதிகம் பிடிக்கும் கைப்பூச்சு வேலையை அச்சிலேயே முடித்துவிட்டார்கள். விரல்நுனி அளவுள்ள உருவத்தில் இரண்டு மூன்று நிறங்களை எல்லை கலங்காமல் பொருத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது அச்சில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. அடையாளம் காண்பதும் எளிது: மூக்கு, முழங்கை, துப்பாக்கிக் கட்டை ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். பூசிய வீரனில் இவைதாம் முதலில் தேயும். டிம்போவில் அங்கெல்லாம் எவ்வளவு தேய்ந்தாலும் அதே நிறம்தான் இருக்கும்.

இந்த 38-ல் பலவற்றின் தலைகள் மாறியிருந்தன. டிம்போவின் தலை, உடல், கால் தனித்தனியாகக் கழலும். பிரெஞ்சு இராணுவத்தின் ‘வெளிநாட்டுப் படை’ வீரனின் உடம்பில் கௌபாய் தொப்பி. அரபு வீரனின் உடம்பில் செவ்விந்தியரின் இறகுக் கிரீடம்.

உலோக அடித்தட்டு உள்ளவை 19. அவை பிரிட்டன்ஸ் 1971-ல் தொடங்கிய ‘டீட்டெயில்’ வரிசை. அடித்தட்டிலேயே பெயர் இருக்கிறது. கடைசியாக, வண்ணம் பூசாத ஒற்றை நிற 54 மி.மீ. வீரர்கள் 63. பச்சை, சாம்பல், மணல் நிறம். பெரும்பாலானவற்றின் அடியில் படிக்கும்படி எதுவும் இல்லை.

முதல் நாளில் எடுத்த முடிவுகள்

டிம்போ வீரர்களின் தலைகளைச் சரியான உடல்களுக்கு மாற்றி வைக்கலாம் என்று கை துறுதுறுத்தது. சேகரிப்பாளர் பலர் அதைத்தான் செய்வார்கள். செய்யவில்லை. ஒரு குழந்தை மாற்றிய தலையும் ஒரு சான்றுதான். யாருடைய பொம்மை என்று கேட்கிற இடத்தில் அதை அழிக்கக் கூடாது என்று தோன்றியது.

இனித் தவறான முடிவு. ஹாங்காங் என்று இருந்த 23-ஐத் தனியே எடுத்து, “இவை நகல்கள்” என்று அம்மையாரிடம் சொன்னேன். வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு மூன்று காரணங்கள் இருந்தன, மூன்றும் பலவீனமானவை. அம்மையார் அனுப்பிய படங்களைப் பார்த்த ஒரு வியாபாரி ஏற்கெனவே “பாதி ஹாங்காங் சரக்கு” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் என் காதில் ஒட்டியிருந்தது. இரண்டாவதாக, அந்த 23-ல் ஒன்றை எடுத்தபோது துப்பாக்கி பட்டென்று முறிந்தது. நான் அழுத்தவே இல்லை. மட்டமான பிளாஸ்டிக் என்று உடனே முடிவு கட்டினேன். மூன்றாவதாக, மாலை ஆறு மணி ஆகியிருந்தது. ஹாங்காங் என்ற சொல் கண்ணில் பட்டதும், அதே அடித்தட்டில் அழுக்கு அடைந்து கிடந்த மற்ற எழுத்துகளைப் படிக்காமல் அடுத்ததுக்குப் போனேன்.

இரண்டாம் நாள்: காலிப்பரும் தண்ணீரும்

இரண்டு வாரம் கழித்து, ஒற்றை நிற வீரர்கள் 63-ஐப் பார்ப்பதற்காகத் திரும்பப் போனேன். பெயர் இல்லாததால் பொருளிலிருந்தும் அளவிலிருந்தும்தான் தொடங்க வேண்டியிருந்தது.

பூச்சும் பசையும் கம்பியும் இல்லாத இவற்றைத் தண்ணீரில் போடுவதில் ஆபத்து இல்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்ந்த நீர், காற்றுக் குமிழி ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பாலித்தீன் நீரைவிட லேசானது, மிதக்கும். பாலிஸ்டைரீன் நீரைவிடச் சற்றே கனமானது, மூழ்கும். ஆனால் உப்பைக் கரையும் மட்டும் கரைத்தால் நீரின் அடர்த்தி 1.2 அளவுக்கு ஏறும். அப்போது பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும். பிவிசியும் செல்லுலோஸ் அசிடேட்டும் உப்பு நீரிலும் கீழேயே கிடக்கும். சூடான ஊசியால் குத்திப் புகையை முகர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. அது பொம்மையையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும்; நான் செய்வதில்லை.

63-ல் 55 மிதந்தன, 8 மூழ்கின. அந்த எட்டும் உப்பு நீரில் மேலெழுந்தன. உருப்பெருக்கியில் பார்த்தால் தோளிலும் இடுப்பிலும் பசைத் தடம். ஒவ்வொன்றின் கையும் வெவ்வேறு கோணத்தில் இருந்தது. 1970-களின் நடுவில் ஏர்ஃபிக்ஸ் விற்ற ‘மல்டிபோஸ்’ வகை அது: பாகங்களாக வரும், வாங்கியவரே ஒட்டிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் எட்டுப் பேருக்கு ஆண்டு கிடைத்துவிட்டது.

மிதந்த 55-ல் ஒரே நிலையில் இருக்கும் வீரர்களை இணை இணையாக நிறுத்தினேன். குண்டு எறிபவன் பக்கத்தில் குண்டு எறிபவன், மண்டியிட்டுச் சுடுபவன் பக்கத்தில் மண்டியிட்டுச் சுடுபவன். நிறுத்தியதுமே சில இணைகளில் ஒருவன் தம்பி போல இருந்தான். மில்லிமீட்டரின் சிறு பின்னத்தையும் காட்டும் வெர்னியர் காலிப்பரால் அளந்தேன்: அடித்தட்டின் மேற்பரப்பிலிருந்து தலைக்கவச உச்சி வரை, தோளின் அகலம், துப்பாக்கியின் நீளம். தம்பிகள் மூன்று அளவிலும் 2 முதல் 3 விழுக்காடு குறைவாக இருந்தார்கள்.

இதன் காரணம் எளியது. பாலித்தீன் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். முதலில் அச்சு செய்பவர் அதை அறிந்து, அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவார். நகலெடுப்பவர் கடையில் வாங்கிய வீரனையே மாதிரியாக வைத்து அதே அளவில் அச்சு எடுத்தால், அதிலிருந்து வருவது இன்னொரு முறை சுருங்கும். கொலு பொம்மை செய்பவர்களுக்கு இது பழகிய விஷயம்: பொம்மையிலிருந்து அச்செடுத்துக் களிமண்ணை அழுத்தினால், காய்ந்து வரும் பொம்மை மூலத்தைவிடச் சிறுத்திருக்கும், மூக்கும் விரலும் மழுங்கியிருக்கும். இங்கும் அப்படித்தான். நகல்களில் முகவாய் வார் கழுத்தோடு கலந்து போயிருந்தது, பொத்தான்கள் மேடுகளாகிவிட்டன.

ஓர் எச்சரிக்கை. ஒரே அச்சிலிருந்து வந்தாலும் வார்த்த வேளையின் சூடு, ஆறவிட்ட நேரம், கலந்த நிறம் இவற்றால் சிறு வேறுபாடு வரும். ஒரு வீரனை மட்டும் அளந்து “குறைகிறது, நகல்” என்று சொல்லிவிட முடியாது. இணை வேண்டும், குறைந்தது மூன்று இடங்களில் அளவு வேண்டும், மழுங்கலும் சேர்ந்து இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த 13 உருவங்களை நகல் என்று வைத்தேன். 31 ஏர்ஃபிக்ஸ். 11-க்கு இணை கிடைக்கவில்லை.

தவறு தெரிந்தது

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில நகல்கள் இருந்தால் நல்லது என்று, முதல் நாள் ஒதுக்கிய 23-ஐக் கேட்டேன். அடுத்த வீட்டுப் பேரனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏழு வயதுப் பையன்.

அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது பொம்மையின் மதிப்பு அல்ல, பூச்சு. பொம்மைப் பூச்சில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிரிட்டனில் 1967-ல் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் செய்த பழைய பொம்மைகளின் பூச்சு உதிரும். குழந்தையின் விரலுக்கும் வாய்க்கும் தூரம் குறைவு. முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. “ஒன்றும் இல்லை” என்று சொன்ன என் வாய்தான் அவற்றை ஒரு குழந்தையின் கையில் கொண்டுசேர்த்தது.

அம்மையார் அன்றே போய்க் காரணத்தைச் சொன்னார். பையனின் தாய் உடனே திருப்பித் தந்தார். பதிலுக்கு அந்த வாரமே புதிதாக ஒரு பை வீரர்களை வாங்கிக் கொடுத்தேன். 22 திரும்பி வந்தன, ஒன்று தொலைந்துவிட்டது. 22-ல் மூன்று உடைந்திருந்தன. என் கையில் முறிந்த துப்பாக்கி இந்தக் கணக்கில் சேரவில்லை.

கையுறை போட்டுக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் அடித்தட்டின் அழுக்கை நீக்கி, சாய்ந்த வெளிச்சத்தில் படித்தேன். 15-ல் ஹாங்காங் என்ற சொல்லோடு பிரிட்டன்ஸ், ஹெரால்டு என்ற பெயர்களும் இருந்தன. பெயரையும் சேர்த்து நகலெடுத்திருப்பார்களோ என்ற ஐயம் வரலாம். காலிப்பர் அதைத் தீர்த்தது. இங்கிலாந்து என்று பொறித்த 41-ல் இதே நிலையில் உள்ளவர்களோடு இணை சேர்த்து அளந்தேன். உயர வேறுபாடு 0.3 மி.மீ.க்குள் அடங்கியது. பொத்தான்களும் கூர்மையாக இருந்தன. அதே மூல அச்சு, இடம் மட்டும் மாறியிருக்கிறது. பிரிட்டன்ஸ் நிறுவனமே ஹாங்காங்கில் செய்வித்தவை இவை. பூச்சில் நிறங்கள் குறைந்திருந்தன, அவ்வளவுதான். மீதி 7-ல் ஹாங்காங் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. உயரம் 1 முதல் 1.6 மி.மீ. வரை குறைந்தது, முகங்கள் மழுங்கியிருந்தன. அவைதாம் நகல்.

துப்பாக்கி முறிந்ததற்கும் இப்போது வேறு பொருள் வந்தது. ஹாங்காங்கில் செய்த ஹெரால்டு வீரர்கள் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டவர்கள் என்பது சேகரிப்பாளர்கள் நன்கு அறிந்தது. பாலித்தீன் ஆக்சிஜனாலும் வெளிச்சத்தாலும் மெல்ல இறுகும். எவ்வளவு விரைவில் என்பது அதில் சேர்த்த பொருள்களைப் பொறுத்தது. முறிந்ததை நான் நகலுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது மூலத்துக்கான சான்றாகவே இருந்தது. உடைந்த மூன்றும் அந்த 15-ல் உள்ளவைதான். தொலைந்த ஒன்று எந்த வகை என்று முதல் நாள் படத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

அம்மையாரிடம் நேராகச் சொன்னேன்: நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அதனால் உங்கள் பொருளில் மூன்று உடைந்தது, ஒன்று போனது. அவர் கொஞ்ச நேரம் செந்நிறச் சட்டைக் காவல்வீரன் ஒருவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியபோது தனக்குக் காவல்வீரர்கள் வாங்கித் தந்ததாக ஒரு நினைவு இருக்கிறது என்றார். அப்போது தனக்குப் பதினான்கு வயது, பொம்மை விளையாடும் வயது தாண்டிவிட்டது, இருந்தாலும் வாங்கி வந்தார் என்றார். பதினான்கு என்றால் 1967. ஹெரால்டு ஹாங்காங்குக்குப் போன ஆண்டோடு அது பொருந்துகிறது. அதே வீரர்கள்தான் என்பதற்கு வேறு சான்று இல்லை. குறிப்பேட்டில் ‘நினைவு, ஆண்டோடு முரண்படவில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

ஆண்டுக் கணக்கும் பங்கீடும்

நவம்பர் கடைசியில் கனடாவில் இருக்கும் மகனோடு காணொளி அழைப்பு. எதையும் காட்டுவதற்கு முன், அவருக்கு நினைவில் நிற்கும் பொம்மைகளைச் சொல்லும்படி கேட்டேன். காட்டிய பிறகு கேட்டால் நினைவு படத்தைப் பின்பற்றும். அவர் சொன்ன முதல் செய்தியே, வெளிநாட்டுப் படைவீரன் ஒருவனுக்குக் கௌபாய் தொப்பி மாட்டி அவனைத் தலைவனாக வைத்திருந்தேன் என்பது. அம்மையார் அந்த வீரனை எடுத்துத் திரைக்கு முன் பிடித்தார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

டிம்போ 38, டீட்டெயில் 19, மல்டிபோஸ் 8, 54 மி.மீ. ஏர்ஃபிக்ஸ் 31 எல்லாம் மகனுக்கு. இவற்றில் டீட்டெயிலும் மல்டிபோஸும் அண்ணனும் தங்கையும் வளர்ந்த பிறகே வந்தவை, ஐயத்துக்கு இடமில்லை. எலாஸ்டோலின் 11, இங்கிலாந்து ஹெரால்டு 41, ஹாங்காங் ஹெரால்டு 15 அம்மையாருக்கு. கிரெசன்ட் முதலிய 20 உருவங்கள் இங்கிலாந்து ஹெரால்டு இருந்த அதே பெட்டியில் கிடந்ததால் அவையும் அவருக்கே போயின. எது எந்தப் பெட்டியில் இருந்தது என்று முதல் நாள் குறித்தது இங்கே உதவியது.

சிறு ஏர்ஃபிக்ஸ் வீரர்கள் 71-தான் கடினம். 1959 தொடங்கி இரண்டு தலைமுறைக்கும் கடையில் கிடைத்தவை. ஆனால் இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் எட்டாம் படை, ஜெர்மன் ஆஃப்ரிக்கா கோர் போன்ற சில தொகுப்புகளை ஏர்ஃபிக்ஸ் பின்னாளில் புதிதாகச் செதுக்கி வெளியிட்டது. பழைய வார்ப்பில் உடல்கள் தட்டையாக இருக்கும். புதியதில் அசைவும் மடிப்பும் கூடும். புதிய வார்ப்பில் இருந்த 26 மகனுக்கு. ஷில்லிங் விலைக்குறி இருந்த பெட்டியும் பழைய வார்ப்பு 19-ம் அம்மையாருக்கு. இரண்டு பக்கமும் சொல்ல முடியாத 26 உருவங்களைப் பேசி, ஆளுக்கு 13 என்று பிரித்துக்கொண்டார்கள். நகல்கள் 20-ஐ, வண்ணம் பூசிய 7-ம் பூசாத 13-ம், இருவரும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்பிட்டுக் காட்ட இப்போதும் அவற்றைத்தான் எடுக்கிறேன்.

உடைந்த மூன்றையும் ஒட்டவில்லை. பாலித்தீனில் சாதாரணப் பசை நிற்காது. நொறுங்கும் நிலைக்கு வந்த உருவத்தைப் பிடித்து அழுத்தினால் பக்கத்திலேயே இன்னொரு முறிவு வரும். துண்டுகளோடு சேர்த்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வைக்கச் சொன்னேன். பரண் வேண்டாம் என்றேன்.

இனி எதை மாற்றுவேன்

அடித்தட்டில் நாட்டின் பெயரை நிறுவனத்தின் பெயராகப் படிக்க மாட்டேன். ஹாங்காங் என்பது எங்கே வார்த்தார்கள் என்று சொல்கிறது. யாருடைய அச்சு என்பதை அது சொல்லாது. அதை அளவுதான் சொல்லும். ஆகவே காலிப்பரை இரண்டாம் நாளுக்கு ஒத்திவைக்காமல் முதல் நாளே எடுத்துப்போவேன். பெயர் உள்ளவற்றையும் இணை சேர்த்து அளப்பேன். பெயர் இருந்ததால்தான் அளக்காமல் விட்டேன் என்பது இப்போது தெரிகிறது.

எல்லாக் குழுக்களையும் பார்த்து முடிக்கும் வரை, எந்தக் குழுவைப் பற்றியும் ‘வேண்டாம்’ என்ற சொல்லை உரிமையாளரிடம் சொல்ல மாட்டேன். நமக்கு அது வகைப்பிரிப்பின் ஒரு படி. அவர்களுக்கு அது அனுமதி. அம்மையார் நான் சொன்னதை நம்பித்தான் கொடுத்தார்.

முதல் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே பூச்சைப் பற்றிச் சொல்லிவிடுவேன்: குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், தொட்ட பிறகு கை கழுவுங்கள். நொறுங்கும் தன்மை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீரனையும் துப்பாக்கியிலோ கையிலோ பிடிக்காமல் அடித்தட்டில் பிடித்து எடுப்பேன்.

வெளியார் கருத்தை, என் பார்வை முடிந்த பிறகே கேட்பேன். அந்த வியாபாரி கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. படத்தைப் பார்த்து அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். நான்தான் அதை என் முடிவாக்கிக்கொண்டேன்.

இணை கிடைக்காத 11 வீரர்கள் இன்னும் அம்மையார் வீட்டில் ஓர் உறைக்குள் இருக்கிறார்கள். நான்கின் அடியில் வட்டமான ஒரு தழும்பு இருக்கிறது, எழுத்து இருந்த இடத்தைச் சுரண்டியது போல. ஆறின் உயரம் 56 மி.மீ.; எனக்குத் தெரிந்த எந்த வரிசையோடும் சேரவில்லை. ஒருவன் மட்டும் தொலைநோக்கியை இடது கையில் பிடித்திருக்கிறான். உறையின் மேல் ‘செய்தவர் தெரியவில்லை, 2022’ என்று எழுதி, மூன்று அளவுகளையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.